ஓரத்தில் தெரிந்த விரல்

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. இருபது வருடங்களாகக் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க அலைந்து, சின்ன அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பந்திங்கில் ஒரு பல் மருத்துவர், கிள்ளானில் இரண்டு துணிக்கடைகள், மேருவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அலுவலகம். பெட்டி படுத்துவிட்டால் கூப்பிடுவார்கள். போவேன், என்ன கோளாறு என்று சொல்வேன், சரி செய்வேன். ஆரம்பத்தில் என்னைப் பார்த்ததும் "இன்ஜினியர் வரலியா?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பவர்கள் நிறைய. இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்துக்கு ஒரு பூக்கடையை ஒட்டிய படிக்கட்டில் ஏற வேண்டும். குடியுரிமைக்கு மனுப் போடுகிறவர்களுக்குக் காசு வாங்காமல் பாரம் நிரப்பிக் கொடுக்கும் இடம் அது. இந்த நாட்டிலேயே பிறந்து, இங்கேயே வேலை செய்து, தலை நரைத்த பிறகும் குடிமக்களுக்கான நீல ஐசி, அதாவது அடையாள அட்டை, கிடைக்காமல், சிவப்பு ஐசியை வைத்துக்கொண்டு வெறும் நிரந்தரவாசியாக இருப்பவர்கள் வருவார்கள். அதுகூட இல்லாதவர்களும் வருவார்கள். ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பிறந்தபோது யாரும் பதியாமல் விட்டது, பதிந்த காகிதத்தைக் கரையான் தின்றது, இப்படி ஆளுக்கொரு கதை. அவர்கள் கையில் மிஞ்சியிருப்பது சில பழைய காகிதங்கள்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் மாதிரி இருந்த டிரஸ்ஸர் எழுதிக் கொடுத்த கடிதம், தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கையெழுத்துப் போட்ட சீட்டு. அவற்றை எல்லாம் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் வைக்கத்தான் நான் அங்கே ஒரு சர்வர் அமைத்துக் கொடுத்தேன். லினக்ஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டர், மேசைக்கு அடியில் ஒரு மூலையில் சத்தமில்லாமல் கிடக்கும்.

அந்த இடத்தை நடத்துகிற அக்கா பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு சட்டம் உண்டு. யாருடைய காகிதத்தையும் அலுவலகம் கையில் வாங்காது. காகிதத்துக்குச் சொந்தக்காரர்தான் அதைப் பிடித்திருக்க வேண்டும், ஸ்கேனர் கண்ணாடி மேல் வைக்கும்போதும் அவரேதான் வைத்து, அவரேதான் அழுத்திக்கொள்ள வேண்டும். "நான் முடிச்சுத் தரேன்" என்று சொல்லி ஒரிஜினலை வாங்கிப்போய்க் காணாமல் போன ஏஜெண்டுகளை இந்த மக்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அதனால் இங்கே வந்தும் அவர்கள் ஒரு நிமிஷம் பதறக் கூடாது என்பது அக்காவின் எண்ணம். மடித்து மடித்து நைந்த காகிதம் என்பதால் ஸ்கேனர் மூடியையும் முழுக்க மூட முடியாது. ஆகவே அந்த அலுவலகத்தில் எடுத்த ஒவ்வொரு ஸ்கேனிலும் ஓரத்தில் நாலைந்து விரல்கள் விழுந்திருக்கும்.

எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

"அக்கா, இது என்ன ஸ்கேனா, கைரேகை ஜோசியமா? ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு நீங்களே எடுத்தா நீட்டா வரும்லா."

"நீட்டா வரலேன்னா யாரும் சாவல. நீ ஒன் பெட்டியப் பாரு."

அதற்கு மேல் பேசினால் டீ கிடைக்காது என்பதால் நான் நிறுத்திக்கொள்வேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்காமல் இருந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அக்கா போன் செய்தார்.

"சர்வர் ரோசாக் ஆயிருச்சும்மா. சில ஃபோல்டர் தெறக்குது, சிலது தெறக்கல. உள்ள போனா பேரெல்லாம் கேள்விக்குறியா நிக்குது. புதுசா எதையும் சேவ் பண்ண விடமாட்டேங்குது."

"எதையும் தொடாதீங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீங்க. யாரையும் பக்கத்துல விடாதீங்க. வரேன்."

செந்தூலில் என் வீட்டிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்தால் பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் அரை மணிக்குள் வந்துவிடும். பதினொரு மணிக்கு மாடிப்படி ஏறினேன். அக்காவின் மேசைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, மேருவில் ஒரு லோரி பட்டறையில் வேலை. நகத்தில் கிரீஸ் கறை, சலவை செய்த வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு காலி ஃபைல். அந்தக் காலி ஃபைலை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

விஷயத்தை அக்கா சொன்னார். அவர் பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பிறந்ததற்கு ஆதாரம், அவருடைய அம்மாவின் பிரசவத்துக்குப் பிறகு தோட்டத்து டிரஸ்ஸர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம். அதில் ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் எண் இருந்தது. பல வருடம் மனுப் போட்டுப் போட்டு, இப்போதுதான் பதிவு இலாகாவில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை காலை. அந்தப் பதிவெண் இருந்தால் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று அதிகாரி போனிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரிஜினல் கடிதம் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது அலமாரியோடு ஊறிக் கூழாகிவிட்டது. வெள்ளத்துக்கு முன்னால், பதினொரு மாதங்களுக்கு முன்பு, அவர் இங்கே வந்து அதை ஸ்கேன் செய்திருந்தார். அந்த ஸ்கேன்தான் இப்போது மேசைக்கு அடியில் கேள்விக்குறிகளுக்கு நடுவே எங்கேயோ கிடந்தது.

"இருக்குந்தானம்மா?" என்று கேட்டார்.

"இருக்கும் அண்ணே" என்றேன். எதையும் பார்க்காமலே சொன்னேன். என் வழக்கம் அப்படி.

உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ஹார்ட் டிஸ்க் வட்டில் எந்தக் கோப்பு எந்தெந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தக் கட்டம் காலி என்று லினக்ஸ் ஒரு குறிப்பேடு வைத்திருக்கும். அந்தக் குறிப்பேடு தனக்குத் தானே முரண்படுகிறது என்று தெரிந்ததும், இனி எழுதினால் இன்னும் கெடும் என்று பூட்டிக்கொண்டு, படிக்க மட்டும் அனுமதிக்கும். சேவ் செய்ய முடியாததற்குக் காரணம் அதுதான். சர்வர் தினமும் எழுதி வைக்கும் பதிவுகளைப் புரட்டினேன். மூன்று வாரமாகவே முனகியிருக்கிறது, யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் சாம்பிராணி வாசனை என் மூக்கில் ஏறியது. மேசைக்கு அடியில், காற்றை உள்ளே இழுக்கும் விசிறிக்கு நேர் எதிரே, சாம்பிராணித் தட்டு.

"அக்கா! வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இதுக்கும் பொக காட்றீங்களா?"

"எல்லா மிஷினுக்கும் காட்டுறேன். அதுக்கு மட்டும் காட்டாம விட்டா நல்லாவா இருக்கு?"

நான் பொங்கிவிட்டேன். புகை, தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, வட்டின் ஆயுள் என்று கால் மணி நேரம் பிரசங்கம். எதிரே இருந்த அண்ணன் என்னையும் சாம்பிராணித் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். குற்றவாளியைப் பிடித்துவிட்ட நிம்மதியில் வட்டைச் சோதித்தேன். ஒவ்வொரு வட்டும் தன் உடம்புக்கு என்ன என்று தானே குறித்து வைத்துக்கொள்ளும். கெட்ட கட்டம் பூஜ்யம். படிக்கத் தவறியது பூஜ்யம். கேபிளில் பிழை பூஜ்யம். வட்டு கல்லாட்டம் இருந்தது. சாம்பிராணி மேல் பழி போட முடியவில்லை.

சரி, மாற்றுப் பிரதி எங்கே என்று கேட்டேன். சர்வரை அமைத்தபோதே ஒரு வெளி வட்டைச் செருகி, தினமும் எல்லாவற்றையும் அதில் நகல் எடுக்கும்படி செய்திருந்தேன். செருகும் இடம் காலியாக இருந்தது.

அக்கா முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது. எழுந்து போய் இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே மேல் தட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் துணியில் சுற்றிப் பொட்டு வைத்த ஒரு சின்னப் பெட்டி. என் வெளி வட்டு.

"நீதானே சொன்ன, எல்லாம் போனாலும் இது இருந்தா பொழச்சுக்கலாம்னு. அவ்வளவு முக்கியமானத வெளிய விடுவேனா? பூட்டி வச்சிருக்கேன்."

"எப்பேர்ந்துக்கா?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்."

பதினான்கு மாதங்கள். துணியை அவிழ்த்து, செருகி, கடைசித் தேதியைப் பார்த்தேன். அண்ணனின் கடிதம் ஸ்கேன் ஆனது அதற்கு மூன்று மாதம் கழித்து. நகல் எடுக்க முடியவில்லை என்று சர்வர் தினமும் அலுவலகத்துக்கு ஈமெயில் அனுப்பியிருக்குமே என்றேன். "ரூட்டுன்னு ஒருத்தன் தெனமும் இங்கிலீஷ்ல மெயில் போட்டான். ஏதோ ஏமாத்துற கும்பல்னு பிளாக் பண்ணிட்டேன்" என்றார் அக்கா. ரூட் என்பது சர்வரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். மற்ற நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த மாதிரி நேரத்தில் திரையில் ஒரு கேள்வி வரும். பழுது பார்க்கும் கட்டளையைக் கொடுத்தால், ‘இந்தப் பிழையைச் சரி செய்யட்டுமா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். ஆம் என்று ஒரு எழுத்தைத் தட்டினால் போதும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், கிள்ளானில் ஒரு கடையில், அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று கடைசியில் அது சொன்னது. உண்மைதான், குறிப்பேடு ஒழுங்காகிவிட்டது, கோப்புகள்தான் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம். கோளாறு எங்கே என்று தெரியாமல் பழுது பார்க்க மாட்டேன், தெரிந்தாலும் அசலில் கை வைக்க மாட்டேன்.

வட்டு நன்றாக இருக்கிறது, கேபிள் நன்றாக இருக்கிறது, ஆனால் எழுத்து கெடுகிறது. அப்படியானால் நடுவில் யாரோ பொய் சொல்கிறார்கள். அக்கா பேசிய ஒரு கூட்டத்தின் வீடியோ, அந்தச் சர்வரிலேயே பெரிய கோப்பு, அதை எடுத்தேன். ஒரு கோப்பை முழுக்கப் படித்து அதற்கு ஒரு அடையாள எண்ணைக் கணக்கிடும் கட்டளை உண்டு. கோப்பு மாறாவிட்டால் எண்ணும் மாறாது. மூன்று முறை கணக்கிட்டேன். மூன்று முறையும் மூன்று எண்கள் வந்தன.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மெமரி. வேலை செய்யும்போது கம்ப்யூட்டர் எதையும் தற்காலிகமாக எடுத்து வைத்துக்கொள்ளும் இடம். லினக்ஸ் அந்தக் குறிப்பேட்டை மெமரியில் வைத்துத்தான் திருத்தும். மெமரி கெட்டிருந்தால் நல்ல குறிப்பை வாங்கித் தப்பாகத் திருத்தி, அதை அப்படியே வட்டில் எழுதிவிடும். இந்த நிலையில் அதே கம்ப்யூட்டரில் பழுது பார்க்கும் கட்டளையை ஓட்டியிருந்தால் மிச்சத்தையும் முடித்திருக்கும். ஓட்டாமல் விட்டேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். பென் டிரைவில் இருந்த மெமரிச் சோதனையை ஓட்டினேன். பத்து நிமிடத்துக்குள் திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள்.

பெட்டியைத் திறந்தேன். இரண்டு மெமரிப் பட்டைகள். ஒன்று ஆரம்பத்திலிருந்தே இருந்தது. மற்றதன் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர், அதில் மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி, என் கையெழுத்தில்.

சர்வர் மந்தமாக இருக்கிறது என்று அக்கா சொன்னதால் நான்தான் அதை வாங்கிப் போட்டேன். செகண்ட் ஹேண்ட். ஒரு முழு நாள் சோதித்துவிட்டுத்தான் போட வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் கிள்ளானில் இன்னொரு வேலை இருந்தது. செருகினேன், ஆன் ஆனது, போய்விட்டேன். இருபது வருட அனுபவத்துக்குச் சோதனை எதற்கு என்று நினைத்தேனோ என்னவோ. ஒவ்வொரு பட்டையையும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். பழையது சுத்தம். என்னுடையது சிவப்பு.

"என்னம்மா, என்ன கோளாறு?" என்றார் அக்கா.

"மெமரி கெட்டுப்போச்சுக்கா" என்றேன். பொய் இல்லை. யார் போட்ட மெமரி என்று அக்கா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வட்டைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி, செந்தூலுக்கு எடுத்துப் போனேன். கொமுட்டரில் அதை மடியில் வைத்திருந்தேன், தோளில் மாட்டவில்லை. வீட்டில், நல்ல மெமரி உள்ள என் சொந்தக் கம்ப்யூட்டரில், அசலை அப்படியே கட்டம் கட்டமாக நகல் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நகல் முடிந்தது. அந்த நகலின் மேல் பழுது பார்க்கும் கட்டளையை விட்டேன். இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் படித்துப் படித்துப் பதில் சொன்னேன். மதியச் சோறு நாலு மணிக்குச் சாப்பிட்டேன். மாலைக்குள் முக்கால்வாசி ஃபோல்டர்கள் பெயரோடு முழுசாகத் திரும்பி வந்தன. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

அண்ணனின் ஃபோல்டர் அதில் இல்லை.

பெயர் தொலைந்த கோப்புகளை லினக்ஸ் தூக்கி எறியாது. தனியாக ஒரு இடத்தில், பெயருக்குப் பதில் வெறும் எண் போட்டுக் குவித்து வைக்கும். அதில் நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள் கிடந்தன. படங்களை மட்டும் பிரித்தெடுத்தேன். அப்போதும் மூவாயிரத்துக்கு மேல். எல்லாம் பழுப்புக் காகிதம், எல்லாம் சாய்ந்த கையெழுத்து. கையெழுத்தைப் படிக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். டிரஸ்ஸர்களின் கையெழுத்து அதன் காதில் பூ சுற்றியது. ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் படித்தால் வியாழக்கிழமைக்குள் முடியாது. முடிந்தாலும், பாதி கெட்ட படத்தில் பெயர் இருக்கும் இடமே போயிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

அறுபது அறுபதாகச் சின்னப் படங்கள் போட்டுப் பக்கங்கள் தயார் செய்துகொண்டு, புதன்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். அண்ணனையும் வரச் சொல்லியிருந்தேன், பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரியலாம் என்று. பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, கிள்ளான் வரை மோட்டார் சைக்கிளில், அங்கிருந்து கொமுட்டரில் வந்திருந்தார். மூன்று பேருக்கும் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பைக்கட்டில் கோப்பி வாங்கி வந்திருந்தார். முதல் பக்கத்தைத் திரையில் போட்டேன்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கேம்மா" என்றார்.

இருந்தது. கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, இரண்டு பக்கம் பார்த்தார். அவருக்குக் கண் கலங்க ஆரம்பித்தது. எனக்கு வேறு எங்கேயாவது பார்க்க வேண்டும் போலிருந்தது. அவர் கையைப் பார்த்தேன். கோப்பிப் பைக்கட்டின் கயிற்றைப் பிடித்திருந்த இடது கையில், ஆள்காட்டி விரலின் மேல் கணுவைக் காணோம்.

"அண்ணே, அந்தக் கடுதாசிய ஸ்கேன் பண்றப்ப நீங்கதான் புடிச்சிருந்தீங்களா?"

"ஆமாம்மா. அக்காதான் வாங்க மாட்டேன்னுட்டாங்களே."

"எந்தக் கையால?"

கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, மேசையின் மேல் காகிதம் இருப்பது போல வைத்துக் காட்டினார். வலது கை கீழே, இடது கை மேல் மூலையில். செம்பனை ஆலையில் வேலை பார்த்த வயதில் போன விரல், குட்டையாக, நுனி மழுங்கி, முதலில் நின்றது.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு எழுத்தை விட்டுவிட்டு விரல்களை மட்டும் பார்த்தோம். அத்தனை வருடமும் நான் அழுக்கு என்று நினைத்த ஓரங்களை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். மஞ்சள் பூசிய விரல்கள், மருதாணி மங்கிய விரல்கள், இறுகிப்போன மோதிரம், சுருண்ட பிளாஸ்டர், சுண்ணாம்பு படிந்த விரல் நுனி. ஒரு படத்தில் ஒரு பெண்ணின் கைக்குப் பக்கத்தில் குழந்தையின் ஐந்து விரல்களும் கண்ணாடியில் பதிந்திருந்தன. எல்லோருமே கொஞ்சம் அதிகமாகத்தான் அழுத்தியிருந்தார்கள், கண்ணாடியில் பட்ட இடத்தில் சதை வெளுத்திருந்தது. இவர்களிடம் போய் நான் பிளாஸ்டிக் கவர் கேட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

முப்பத்தோராவது பக்கத்தில் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"தோ! தோ இருக்கு என் வெரலு!"

பெரிதாக்கினேன். இடது மேல் மூலையில் அந்தக் குட்டை விரல். வலது மேல் மூலையில், நீல மசியில், பதிவெண். ஒவ்வொரு இலக்கமும் தெளிவு. அதற்குக் கீழே தோட்டத்தின் பெயர், அம்மாவின் பெயர், ஆண் குழந்தை, எடை. அக்கா கைதட்டினார், உண்மையாகவே. நானும் கத்தினேன் என்று நினைக்கிறேன். பழக்க தோஷத்தில் விரலை வெட்டிவிட்டுக் காகிதத்தை மட்டும் எடுக்க மவுஸை நகர்த்தினேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். அப்படியே பிரிண்ட் கொடுத்தேன்.

பிரிண்டரிலிருந்து காகிதம் வெளியே வர வரத்தான் மூன்று பேரும் கவனித்தோம். பாதிக்கு மேல் படம் இல்லை. கீழ்ப்பகுதி சாம்பல் நிறம், நடுநடுவே கோணல் மாணலாக வண்ணக் கீற்றுகள்.

அண்ணன் காகிதத்தை எடுத்து, அந்தச் சாம்பல் நிறத்தைத் தடவிப் பார்த்தார்.

"கீழ எங்கம்மா கைநாட்டு இருக்கும்மா. டிரஸ்ஸர் கையெழுத்துக்குப் பக்கத்துல. அது வரலியா?"

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். மெமரி பொய் சொன்னதால், அவருடைய கடிதத்தின் பின்பாதி இருந்த கட்டங்களைச் சர்வர் காலி என்று குறித்துக்கொண்டது. காலி என்று நினைத்து அதன் மேல் வேறு யாருடைய ஸ்கேனையோ எழுதிவிட்டது. மேலே எழுதினது எழுதினதுதான். வட்டைப் பழுது பார்த்துத் திரும்ப வாங்கக்கூடிய விஷயம் இல்லை அது.

"நாளைக்கு நம்பர் போதும் அண்ணே" என்று ஆரம்பித்தேன். அது உண்மை. நேர்முகத்துக்கு அது போதும். வாயை அதோடு மூடியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் இன்னும் அந்தச் சாம்பல் நிறத்தின் மேலேயே கையை வைத்திருந்தார்.

பையிலிருந்து மெமரிப் பட்டையை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"இதுதான் அண்ணே காரணம். மூணு மாசத்துக்கு முன்னாடி நான்தான் போட்டேன். டெஸ்ட் பண்ணிட்டுப் போடணும். பண்ணல. அதான் ஒங்க அம்மா கைநாட்டு போயிருச்சு. சாம்பிராணி இல்லக்கா, நான்."

அக்கா என்னையே பார்த்தார். அண்ணன் பட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். லோரி உதிரிப் பாகத்தைப் பார்ப்பவர் பார்க்கிற பார்வை அது.

"இம்புட்டுக்காண்டு" என்றார். பிறகு, கோபம் இல்லாமல், யாருக்கோ விளக்கம் சொல்கிற மாதிரி, "எங்கம்மாவுக்குக் கடேசி வரைக்கும் ஐசி கெடைக்கலம்மா. படமும் எடுக்கல. அவங்க இருந்ததுக்கு அந்தக் கட்டவெரலு ஒண்ணுதான் இருந்திச்சு" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

மறுநாள் அவர் நேர்முகத்துக்குப் போனார். பதிவெண்ணைக் குறித்துக்கொண்டார்கள், பதிவேட்டைத் தேடச் சொல்கிறோம் என்றார்களாம். அலுவலகத்துச் சர்வரைப் புது மெமரியோடு, இரண்டு நாள் சோதித்த பிறகு, திரும்ப வைத்தேன். வெளி வட்டுகளை இரண்டாக்கினேன். ஒன்று செருகியே இருக்கும், ஒன்று அக்காவின் பீரோவில் மஞ்சள் துணிக்குள் இருக்கும், வெள்ளிக்கிழமை தோறும் மாற்றிக்கொள்ள வேண்டும். சாம்பிராணி போடும் நாள் என்பதால் அக்கா ஒரு வாரம்கூட மறப்பதில்லை. ரூட்டையும் பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

அந்தப் பழைய வட்டின் நகலை நான் அழிக்கவில்லை. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் ஒவ்வொரு கட்டமாகத் தேடினேன், எங்கேயாவது ஒரு ஓரத்தில் ஊதா மசியில் ஒரு கட்டைவிரல் மிச்சம் இருக்கிறதா என்று. மூன்று மாதம் தேடினேன். அப்படி ஒரு தேடலை எனக்குத் தெரிந்து வேறு யாரும் இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது. இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் அக்கா கூப்பிட்டார், உடனே வா என்றார். சர்வருக்கு என்னவோ என்று ஓடினேன். அண்ணன் அதே வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து நீல ஐசியை எடுத்துக் காட்டினார். அக்கா முந்தானையால் அதன் இரண்டு பக்கத்தையும் துடைத்துவிட்டு, அவர் கையிலேயே கொடுத்தார். ஸ்கேன் செய்ய வேண்டும் என்றார்கள், நான்தான் செய்ய வேண்டுமாம்.

மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவர் அட்டையைக் கண்ணாடி மேல் வைத்து, இடது கையால் மேல் ஓரத்தையும் வலது கையால் கீழ் ஓரத்தையும் அழுத்தினார். வலது கட்டைவிரலைக் கொஞ்சம் நகர்த்தி, ரேகை நன்றாகத் தெரியும்படி கண்ணாடியில் தட்டையாக வைத்தார். விளக்கு அடியில் ஓடித் திரும்பியது. படம் திரையில் வந்தது, கோப்பு சேர்ந்தது. அடையாள எண்ணை இரண்டு தடவை கணக்கிட்டேன். இரண்டும் ஒன்றாகவே வந்தன.

அவர் திரையின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார்.

"இந்தத் தடவ கீழயும் பாத்து வச்சுக்கம்மா."

"வச்சுக்கறேன் அண்ணே" என்றேன்.